இரண்டாவது உதவித்தொகை

எங்கள் சலவைக்கூடத்தில் ரசீதக்காவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பது லேசான காரியமில்லை. கிளாஸை நீட்டினால் முதலில் நம் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் கிளாஸைப் பார்ப்பார்.

"எதுக்குடா?"

"சும்மாதான்கா. குடிங்க."

"சும்மான்னா? உனக்குப் பொறந்தநாளா?"

"இல்லக்கா."

"சம்பளம் கூட்டிட்டாங்களா?"

"அந்த அதிசயமெல்லாம் இங்க எங்கக்கா நடக்குது?"

"அப்போ இந்தா, காசைப் பிடி."

காசை வாங்கினால்தான் டீ தொண்டையில் இறங்கும். இல்லையென்றால் ஆறி, ஆடை கட்டி, கடைசியில் அதை நான்தான் குடிக்க வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் கூடம். மேலே பத்து மாடி நோயாளிகளும் படுத்த விரிப்பு, போர்த்திய போர்வை, டாக்டர்கள் கழற்றிப் போட்ட அங்கி எல்லாம் குழாய் வழியாக எங்கள் தலையில் வந்து விழும். துவைத்துப் பிழிந்தவை அக்காவிடம் போகும். ஆள் உயரத்துக்குச் சூடான உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, சுருக்கமில்லாமல் அதன் வாயில் விட வேண்டும். மறுபக்கம் நான் நின்று மடிப்பேன். ஆவியில் முகம் தெரியாது. குரல் மட்டும்தான் வரும். அதனால்தான் எனக்கு இங்கே எல்லாருடைய குரலும் அத்துப்படி. எல்லாரையும் மாதிரி பேசிக் காட்டுவேன். 'கிளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அக்காவுக்கு ரசீதக்கா என்று பெயர் வந்த கதை வேறு. ஒரு முறை அழுக்கு மூட்டையில் ஒரு மோதிரம் கிடைத்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு நேராக வார்டுக்கே போய்விட்டார். தலைமை நர்ஸ் மோதிரத்தை வாங்கி, "ரொம்ப நன்றிம்மா" என்றார். அக்கா நகரவில்லை. "நன்றி இருக்கட்டும். வாங்கிக்கிட்டேன்னு ஒரு ரசீது எழுதிக் குடுங்க" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயர்தான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

மகள் தவழ்கிற வயதில் வேலைக்கு வந்தவர். வீட்டுக்காரர் வேலை தேடி வெளியூர் போனார், தேடிக்கொண்டே இருக்கிறார். "அந்தாளு இன்னும் தேடறாரு போல, கிடைச்சதும் வருவாரு" என்று அக்காவே சிரிப்பார். அண்ணன் வீட்டில் வந்து இருக்கச் சொல்லியும் போகவில்லை. வாடகைக்கு ஒரே அறை. அதில் பாதி மகளின் புத்தகம். அந்தப் பெண்ணும் தாயைப் போலவே. பள்ளிக்கூடத்தில் யாராவது பென்சில் கொடுத்தால்கூட சாயங்காலம் சீவித் திருப்பிக் கொடுக்கும். நாங்கள் அவளுக்கு 'குட்டி ரசீது' என்று பெயர் வைத்திருந்தோம்.

குட்டி ரசீதுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது கூடமே இரண்டுபட்டது. சாதாரண இடமில்லை. கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. அக்கா அன்றைக்கு ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சொன்னார்: "எல்லாம் இலவசம். ஒரு காசு கட்ட வேண்டாமாம்."

சேர்க்கைக்குப் போய்விட்டு வந்தவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"என்னக்கா, ஒரு காசு கட்ட வேண்டாம்னீங்க?"

"ஒரு காசு கட்ட வேண்டாம்தான்டா. ஒரு மூட்டை கட்டணும்."

விடுதி அறைக்குத் தனி. சாப்பாட்டுக்கு முன்பணம் தனி. ஆய்வகம், தேர்வு, கணினி, காப்பீடு, நூலகத்துக்கு வைப்புத்தொகை என்று வரிசையாக நீட்டியிருக்கிறார்கள். விளையாட்டுக் கட்டணம் என்று ஒன்று இருந்ததாம். "எம் பொண்ணு விளையாட மாட்டாளே சார்" என்று அக்கா கேட்டிருக்கிறார். அந்தக் குமாஸ்தா தலையைத் தூக்காமலே, "விளையாடலைன்னாலும் உண்டும்மா" என்று மூக்கால் சொன்னாராம். வைப்புத்தொகை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டதற்கு, "கிடைக்கும், படிச்சு முடிச்சதும்" என்றாராம்.

"இப்போ புரிஞ்சுது எனக்கு" என்றார் அக்கா. "வாசல்லதான் டிக்கெட் கிடையாது. உள்ள போனா நாற்காலிக்கு டிக்கெட், விசிறிக்கு டிக்கெட், தண்ணிக்கு டிக்கெட்."

முதல் வருடத்தை எப்படியோ தள்ளினார். காதில் கிடந்தது போனது, வீட்டில் இருந்த தையல் மெஷின் போனது. அதற்கப்புறம் இரண்டு வேளை வேலை. காலையில் உருளை, சாயங்காலம் துவைக்கும் பக்கம். மத்தியானம் எல்லாரும் டப்பாவைத் திறக்கும்போது அக்கா மட்டும் கொதிகலன் பக்கம் ஏதோ சோதிக்கப் போவார். அங்கே சோதிக்க எதுவும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

தையல்காரம்மா சும்மா இருப்பாரா? கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். அவர் வாயும் ஊசியும் ஒன்றாகத்தான் ஓடும். "ஏண்டி, கொதிகலன் என்ன உன் மாமியாரா, தினம் போய்ப் பாக்கற? உக்காரு. ரெண்டு ரொட்டி கூட வச்சிருக்கேன்."

"பசிக்கல."

"பசிக்கலையா? உன் கன்னத்தைப் பாரு, ரெண்டு பக்கமும் குழி பறிச்சு வச்சிருக்கு."

"காசு வாங்கிக்கறியா?"

"ரொட்டிக்கா? போடி இவளே!"

"அப்போ பசிக்கல."

இரண்டாம் வருடம் நெருங்கியபோது விடுதிக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் நான் மறுபக்கம் நின்று மடித்துக்கொண்டிருக்கிறேன், விரிப்பு கோணலாக வருகிறது. "அக்கா, என்ன தூக்கமா?" என்று அவர் குரலிலேயே கேலி செய்தேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் நின்றபடியே கண் மூடியிருக்கிறது, கை விரிப்போடு சேர்ந்து உருளைக்குள் போகிறது. எங்களை மேய்க்கிற மேஸ்திரி பாய்ந்து வந்து நிறுத்துக் கம்பியைத் தட்டினார். இரண்டு விரலின் நுனி வெந்ததோடு போயிற்று. கை போயிருக்கும்.

கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வந்துவிட்டார். இனி விட்டால் ஆளே மிஞ்ச மாட்டார் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் பணம் போட்டோம். அதை எப்படிக் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. நேராக நீட்டினால் டீக்கு நேர்ந்த கதிதான்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். வானொலியில் செய்தி வாசிக்கப் போய், வழி தவறிச் சலவைக்கு வந்துவிட்டவர் அவர். சாதாரணப் பேச்சே அவருக்கு வராது. "நண்பர்களே, இதற்கு நான் ஒரு திட்டம் தீட்டியிருக்கிறேன். நாம் பணம் கொடுக்கப் போவதில்லை. உதவித்தொகை வழங்கப் போகிறோம்."

"ரெண்டும் ஒண்ணுதானய்யா?" என்றார் தையல்காரம்மா.

"அவளுக்கு ஒண்ணு இல்ல. பணம்னா பிச்சைம்பா. உதவித்தொகைன்னா பொண்ணு மார்க்குக்குக் கிடைச்சதும்பா." அவசரத்தில் மேஸ்திரிக்கே சாதாரணப் பேச்சு வந்துவிட்டது.

அப்படித்தான் 'சலவைப் பணியாளர் நலச் சங்கம்' பிறந்தது. ஓரத்தில் தங்கக் கொடி ஓடும் பத்திரம் ஒன்று அச்சானது. முத்திரை செய்யும் கடைக்காரர் சின்னம் என்ன போடட்டும் என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரி கடையில் இருந்ததிலேயே பெரியதைக் காட்டிவிட்டு வந்தார், சுடர்விடும் தீப்பந்தம். தலைவர் மேஸ்திரி. செயலாளர் தையல்காரம்மா. பொருளாளர் கையெழுத்தை மேஸ்திரியே இடது கையால் போட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் நாற்காலிகளைச் சுற்றிப் போட்டு விழா. மேஸ்திரி பத்திரத்தை வாசித்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வாங்கவில்லை.

"இப்படி ஒரு சங்கம் இருக்குன்னு இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலியே? சந்தா யாரு கட்டறது?"

மேஸ்திரி இமைக்காமல் சொன்னார். "சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள் அம்மா."

"என் சம்பளத்துலயுமா?"

"அனைவர் சம்பளத்திலும்."

அக்கா பத்திரத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "அப்போ சரி. என் காசும் இதுல இருக்கு."

வாங்கிக்கொண்டார். அன்று மத்தியானம் கொதிகலனைச் சோதிக்கப் போகவில்லை. தையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தார். தையல்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வெங்காயம் உரிச்சேன் காலைல" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். பத்திரம் அக்காவின் அறையில், விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் தொங்கியது.

கட்டணத் தள்ளுபடியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். குட்டி ரசீது விடுமுறைக்கு வந்திருந்தபோது செல்போனில் விண்ணப்பத்தை நிரப்பினாள். அப்போது நடந்த பேச்சை அக்கா மறுநாள் ஆவிக்கு அந்தப் பக்கமிருந்து பெருமையாகச் சொன்னார். விருதுகள், பிற உதவித்தொகைகள் என்று ஒரு கட்டம் இருந்ததாம்.

"இதைப் போடவாம்மா, வேண்டாமான்னு கேக்கறா. போடாம? எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைச்சுது? மூணு பேரு நற்சான்றுக் கடுதாசி குடுத்தாங்க. ஒரு கடுதாசி இருந்தா யோசிப்பான், மூணு இருந்தா குடுத்துடுவான். ஏற்கெனவே ஒரு இடத்துல உதவித்தொகை வாங்கின பொண்ணுன்னா மதிப்பு கூடத்தானே செய்யும்? பத்திரத்தைப் போட்டோ பிடிச்சுச் சேர்த்துடுன்னு சொல்லிட்டேன்."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. தையல்காரம்மாவும் தலையாட்டினார். எங்கள் கூடத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

கல்லூரி திறந்த பிறகு ஒரு காலையில் அக்காவின் போன் அடித்தது. மெஷின் சத்தத்தில் கேட்காமல் என்னிடம் கொடுத்தார். மறுமுனையில் குட்டி ரசீது. அழவில்லை. நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். ஒரு மாணவருக்கு ஒரு உதவித்தொகைதானாம், தள்ளுபடியும் அந்தக் கணக்கிலேயே வருமாம். இரண்டு பெறுவதால் கட்டணத் தள்ளுபடி ரத்தாம். மறுப்பு இருந்தால் நேரில் வர வேண்டுமாம்.

அக்கா, மேஸ்திரி, நான் மூவரும் போனோம். மேஸ்திரி ஆஸ்பத்திரி உருளையிலேயே தேய்த்த சட்டையைப் போட்டிருந்தார். பல்கலைக்கழகம் ஒரு ஊர் மாதிரி இருந்தது. உள்ளேயே பஸ் ஓடுகிறது. உதவித்தொகைப் பிரிவைக் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். ஒரு வழியாக அந்தக் கூடத்தைப் பிடித்து, டோக்கன் எடுத்து, சுவரோரம் உட்கார்ந்தோம். எதிரே எங்களைப் போலவே பெற்றோர்கள். எல்லார் மடியிலும் பிளாஸ்டிக் உறை, முகத்தில் பரீட்சைக் களை. குட்டி ரசீதுக்கு மத்தியானம் வரை ஆய்வக வகுப்பு. "அதை விடாத, முடிச்சிட்டு வா" என்று அக்கா சொல்லியிருந்தார்.

எங்கள் முறை வந்தது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு அதிகாரி. அந்தம்மா மேல் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும், "பாருங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தார்.

"பாருங்கம்மா, ஒருத்தருக்கே ரெண்டு போனா, வெளியில நிக்கற இன்னொரு பிள்ளைக்கு ஒண்ணும் இல்லாமப் போயிடும். அதுக்காகத்தான் இந்த விதி."

"விதி நியாயம்தான் மேடம்" என்றார் அக்கா. "அந்தச் சின்னதைத் திருப்பிக் குடுத்துடறோம். பெருசு இருந்தாப் போதும்."

"பாருங்கம்மா, அதுக்கு வழியில்ல. இந்த வருஷம் வாங்கினது வாங்கினதுதான்." பத்திரத்தின் நகலைத் திரையில் பெரிதாக்கினார். தீப்பந்தம் திரை முழுக்க எரிந்தது. "ஒண்ணு வேணா செய்யலாம். இது உதவித்தொகை இல்ல, சும்மா ஒரு பரிசு, தவறுதலா அப்படி அச்சாயிடுச்சுன்னு சங்கம் எழுதிக் குடுக்கணும். சங்கத்தோட பதிவுச் சான்று நகலோட. இன்னைக்கே மெயில்ல அனுப்பினாலும் போதும்."

அக்கா மலர்ந்து மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். "இவருதான் மேடம் தலைவர்! எழுதிக் குடுத்துடுவாரு."

மேஸ்திரியின் காது சிவந்துவிட்டது. "ஒரு நிமிஷம் மேடம்" என்று எழுந்து வெளியே போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று சொன்னார். வானொலிக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"பதிவு இல்லம்மா."

"ஏன், புதுப்பிக்கலியா?"

"சங்கமே இல்லம்மா. நாங்க எல்லாரும் சேர்ந்து போட்ட பணம் அது. நீ வாங்க மாட்டேன்னு..."

அக்கா குழாயைப் பார்த்தபடி நின்றார். யாரோ சரியாக மூடாமல் போயிருந்தார்கள். கட்டு அவிழ்த்த விரலால் அதை இறுக்கி மூடினார்.

"என் சம்பளத்துல பிடிச்சதுன்னு சொன்னது?"

"இல்லம்மா."

"கிளி, உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன். யார் குரலும் எனக்கு வரவில்லை.

மேஸ்திரி கெஞ்சினார். "உள்ள போய் உண்மையைச் சொல்லிடலாம்மா. நான் சொல்றேன். பொண்ணு படிப்பு முக்கியம். என் மேல வரட்டும்."

அக்கா நேராக உள்ளே போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். அதிகாரி பேனாவை மூடி வைத்திருந்தார்.

"மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இல்லாத சங்கம் பேர்ல ஒரு பத்திரம் அடிச்சு, அது தெரியாம ஒரு பிள்ளை இங்க சேர்த்துட்டா, என்ன செய்வீங்க?"

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். 'பாருங்கம்மா' வரவில்லை.

"அது போலி ஆவணம்மா. தெரியாம வச்சாலும் விசாரணைதான். பிள்ளையை நிறுத்தி வைப்பாங்க, பதிவேட்டுல ஏறிடும். அப்புறம் வேற எந்தக் காலேஜுலயும் கஷ்டம். முத்திரை செஞ்சவங்க மேல போலீஸ் புகார் போகும், அவங்க வேலை செய்யற இடத்துக்கும் எழுதுவோம்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அப்படி ஏதாவது இருக்கா?"

மேஸ்திரி வாயைத் திறந்தார். அக்கா அவர் பக்கமே திரும்பாமல் கையை மட்டும் நீட்டி மேசையைத் தட்டினார். உருளையை நிறுத்தச் சொல்லி எனக்குத் தட்டுவாரே, அதே தட்டு.

"இல்ல மேடம். இது நிஜம். எம் பொண்ணு மார்க்குக்குச் சங்கம் குடுத்தது."

"அப்போ தள்ளுபடி போயிடும்மா. புரியுதா? முழுக் கட்டணமும் இந்த மாசத்துக்குள்ள கட்டணும்."

"புரியுது."

"கட்ட முடியுமா?"

"முடியாது."

அதிகாரி இன்னும் கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்தார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். ஒரு வருடம் இடைவெளி எடுக்கலாம். படிக்கிற இடம் அப்படியே இருக்கும். தள்ளுபடி இருக்காது, அது காத்திருப்பில் இருக்கிற அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். விடுதியை வார இறுதிக்குள் காலி செய்துவிட வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். வெந்த விரல் இன்னும் சரியாக மடங்காததால் எழுத்து கோணலாக விழுந்தது.

வெளியே வந்ததும் மேஸ்திரி சுவரில் சாய்ந்துகொண்டார். "ஏம்மா இப்படிப் பண்ணின?"

"வேற எதைப் பண்ணச் சொல்றீங்க? எம் பொண்ணைத் திருட்டுப் பத்திரம் வச்சவன்னு எழுதட்டுமா? உங்க எல்லார் சோத்துலயும் மண்ணு விழட்டுமா?" சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "அவகிட்ட ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா நேரா உள்ள போய்ச் சொல்லிடுவா. அவளை எனக்குத் தெரியும்."

குட்டி ரசீது சைக்கிள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி ஓடி வந்தாள். வெள்ளை அங்கியைக் கழற்றக்கூட இல்லை. முழங்கையில் ஏதோ ரசாயனம் பட்டு மஞ்சளாக இருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஓட்டம் நடையாகி, நடையும் நின்றது.

அக்காதான் சொன்னார். ஒரு வருடம், விடுதி, அடுத்த பிள்ளை, எல்லாம் சொன்னார். ஒன்றைத் தவிர.

"நான்தான்மா" என்றாள் அவள். "அந்தக் கட்டத்துக்குக் கீழ சின்ன எழுத்துல விதி இருந்துது. படிச்சிருக்கணும். ரெண்டு இருந்தா நல்லதுன்னு பேராசைப்பட்டுட்டேன்."

"நான்தானேடி போடச் சொன்னேன்."

"படிச்சவ நான்தானேம்மா. நீ இல்லையே."

மேஸ்திரி சட்டைப் பையில் எதையோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டார். நான் செருப்பைப் பார்த்தேன். பக்கத்தில் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிரித்தபடி போனார்கள்.

அவள் அங்கியைக் கழற்றி மடித்தாள். பிறகு, தயங்கித் தயங்கி, மேஸ்திரியிடம் வந்தாள்.

"மாமா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அடுத்த வருஷமும் சங்கத்துல குடுப்பீங்களா? இப்போ எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு. எப்படி விண்ணப்பிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

மேஸ்திரி அக்காவைப் பார்த்தார்.

அக்கா மகளின் கையிலிருந்து அங்கியை வாங்கி, அவள் மடித்ததை உதறி, ஓரம் சேர்த்து மறுபடி மடித்தார்.

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுடி" என்றார். "அவங்க மார்க்குப் பாத்துத்தான் குடுப்பாங்க."